வாலிபப் பிள்ளைகள்: நம் உடன்வேலையாட்கள்

(மருத்துவமனையைத் தாங்கிவரும் நண்பர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மிஷன் மருத்துவமனை என்றதும் நம் மனக்கண்முன் வருவது கட்டில், தொட்டில், ஆபரேஷன் தியேட்டர். நீங்கள் அனுப்புகிற காணிக்கையில் ஒரு கருவி வாங்கினோம், ஒரு வார்டுக்குக் கூரை போட்டோம் என்றால், அதைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்புவது எங்களுக்கும் எளிது. ஆனால் இன்று நான் பேசப்போகிற காரியத்தைப் படம் பிடித்துக் காட்ட முடியாது. 13 வயதுக்கும் 19 வயதுக்கும் இடைப்பட்ட நம் பிள்ளைகளைப் பற்றியும், அவர்களுடைய துன்பங்களைத் தீர்க்கும் வேலையில் அவர்களையே சேர்த்துக்கொள்வதைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன்.

இந்த வயதுப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கு அதிகமாக வருவதில்லை. குழந்தைப் பருவத்து நோய்கள் அவர்களை விட்டுப் போய்விட்டன. சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே அவர்கள் சுகமாக இருக்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் தேசத்தில் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்கள் 25 கோடிக்கும் அதிகம். இத்தனை பெரிய கூட்டம் மருத்துவருடைய கண்ணில் படாமலே வளர்ந்துகொண்டிருக்கிறது.

வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் சாலையோரத்தில் நோயாளிகளைத் தேடிப்போன நாள் முதல், கிராமத்துக்குப் போகும் பழக்கம் அங்குள்ள மருத்துவர்களுக்கு உண்டு. அதன் தொடர்ச்சியாக, கணியம்பாடி வட்டாரத்தில் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்துவந்தார்கள். ஏறக்குறைய 1,08,000 மக்கள் வாழும் பகுதி அது. 1992 முதல் 2001 வரை பத்து ஆண்டுகளின் பதிவேடுகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்கள் எதனால் இறந்தார்கள் என்று கணக்கிட்டார்கள். அந்த முடிவு 2004ஆம் ஆண்டு 'லான்செட்' என்னும் மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது.

அந்த வயதில் இறந்த ஆண்பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர். பெண்பிள்ளைகளின் சாவுகளிலோ பாதி முதல் முக்கால் பங்கு வரை அப்படிப்பட்டவை. ஆண்டுதோறும் ஒரு லட்சம் பெண்பிள்ளைகளுக்கு 148 பேர், ஒரு லட்சம் ஆண்பிள்ளைகளுக்கு 58 பேர் என்பது அவர்கள் கண்ட கணக்கு. இது ஏதோ தூரதேசத்துச் செய்தி அல்ல. புகழ்பெற்ற ஒரு மிஷன் மருத்துவமனையின் அருகிலேயே நடந்தது.

சகோதரரே, சகோதரியே, இதைக் கேட்டதும் 'அந்தப் பிள்ளைகளுக்கு என்ன குறை?' என்று உங்கள் உள்ளம் கேட்கும். குறை பலவிதம். பரீட்சையில் தோல்வி, வீட்டில் சண்டை, தகப்பனுடைய குடி, விருப்பமில்லாத கலியாணப் பேச்சு, வெளியே சொல்ல முடியாத அவமானம். இவற்றில் ஒன்றைக்கூட எக்ஸ்ரே எடுத்துக் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளை சொன்னால்தான் தெரியும். பிள்ளை ஏன் சொல்லவில்லை? பெரும்பாலும், நாம் கேட்கவில்லை. கேட்டாலும் பாதி கேட்பதற்குள் புத்திமதி சொல்லத் தொடங்கிவிடுகிறோம்.

ஆகவே முதல் வேலை கேட்பது. கேட்பதினால் ஒரு தேசத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

ஐஸ்லாந்து என்று ஐரோப்பாவின் வடகோடியில் ஒரு தீவு. நம்முடைய ஒரு மாவட்டத்தின் ஜனத்தொகைகூட அங்கே இல்லை. 1998ஆம் ஆண்டில், அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் அதற்கு முந்தின ஒரு மாதத்தில் குடித்து வெறித்திருந்தார்கள். நூற்றுக்கு 23 பேர் தினமும் சிகரெட் பிடித்தார்கள். போதைப்பொருளின் தீமையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திப் பார்த்தும் போதிய பலன் இல்லை. அதன்பின் அவர்கள் வேறு வழியில் போனார்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் பெயர் எழுதாத வினாத்தாளைக் கொடுத்தார்கள். குடிக்கிறாயா என்று மட்டும் கேட்கவில்லை. பெற்றோரோடு எவ்வளவு நேரம் செலவிடுகிறாய், மாலையில் எங்கே போகிறாய், விளையாட்டு உண்டா, பள்ளி உனக்குப் பிடித்திருக்கிறதா என்றெல்லாம் கேட்டார்கள். பதில்களை அலமாரியில் பூட்டி வைக்காமல், சில வாரங்களுக்குள் அந்தந்த ஊருக்கும் பள்ளிக்கும் திருப்பிக் கொடுத்தார்கள். 'இது உங்கள் ஊர்ப் பிள்ளைகள் சொன்னது' என்றால் எந்தத் தகப்பனும் தாயும் சும்மா இருக்க முடியாது அல்லவா?

பதில்களைப் பார்த்தபோது ஒரு காரியம் தெளிவாயிற்று. பெற்றோரோடு நேரம் செலவிட்ட பிள்ளைகளும், வாரத்தில் பல நாள் ஒழுங்கான விளையாட்டிலோ இசையிலோ ஈடுபட்ட பிள்ளைகளும், பின்னிரவில் வெளியே சுற்றாத பிள்ளைகளும் குடியில் விழுவது குறைவு. அதன்படியே எல்லோரும் கூடி வேலை செய்தார்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் புகையிலையும், 20 வயதுக்குட்பட்டவர்களுக்கு மதுவும் விற்கக் கூடாது என்றது சட்டம். 13 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்குமேல் தனியே வெளியே இருக்கக் கூடாது என்று விதித்தார்கள். பெற்றோர் தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு, வார இறுதி இரவுகளில் சேர்ந்து தெருவில் நடந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். தலைநகரில், ஒவ்வொரு பிள்ளையும் விளையாட்டிலோ கலையிலோ சேரும்படி நகராட்சியே பணஉதவி செய்தது.

இதன் பலன் ஒரே வருஷத்தில் வந்துவிடவில்லை. வார நாட்களில் பெற்றோரோடு அடிக்கடி நேரம் செலவிடுவதாகச் சொன்ன பிள்ளைகள் 1997ல் நூற்றுக்கு 23 பேர்; 2012ல் 46 பேர். குடித்து வெறித்தவர்கள் 42லிருந்து 2016ல் 5ஆகக் குறைந்தார்கள். தினமும் புகைத்தவர்கள் 23லிருந்து 3ஆனார்கள். அந்த ஆண்டுகளில் ஐரோப்பாவின் வேறு தேசங்களிலும் பிள்ளைகளின் குடி குறைந்தது உண்மைதான். ஆனால் இவ்வளவு குறையவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரே வேலையை விடாமல் செய்ததின் கனி இது.

அது பணக்காரத் தேசம், நமக்கு ஒத்துவருமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவே நம் தேசத்திலேயே, பீகார் மாநிலத்தின் நாலந்தா மாவட்டத்துக்கு வாருங்கள். அங்கே 'சங்கத்' என்ற தொண்டு நிறுவனம், அரசுப் பள்ளிகளில் ஒரு வேலையைத் தொடங்கியது. 'ஸெஹர்' என்று அதற்குப் பெயர். 75 உயர்நிலைப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்று பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கில், மருத்துவமோ மனநலமோ படிக்காத, ஆனால் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகர் ஒவ்வொரு பள்ளிக்கும். இரண்டாவது பங்கில், பள்ளி ஆசிரியர் ஒருவரே பயிற்சி பெற்று அதே வேலையைச் செய்தார். மூன்றாவது பங்கில் வழக்கமான பாடம் மட்டும்.

வேலை என்ன? மிகவும் எளிமையானது. ஒரு பெட்டி. பிள்ளைகள் தங்கள் குறையை எழுதி, பெயர் போடாமலே அதில் போடலாம். ஒரு சுவர்ப் பத்திரிகை. மாணவர்களின் சிறு குழுக்கள். காலை இறைவணக்கக் கூட்டத்தில் மாதம் ஒரு பொருள்: சுத்தம், கேலி செய்வது, அடிதடி, ஆண் பெண் சமத்துவம், படிக்கும் முறை என்று. பெற்றோர், ஆசிரியர், மாணவர் மூவரும் உட்காருகிற ஒரு கமிட்டி. துன்பப்படுகிற பிள்ளைக்குத் தனியாக ஆலோசனை.

முடிவு 2018ல் வெளியாயிற்று. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பள்ளியின்மேல் இருந்த எண்ணம் நன்றாக மாறியது. கேலியும் கொடுமையும் குறைந்தன. மனச்சோர்வும் குறைந்தது. இரண்டாம் ஆண்டில் பலன் இன்னும் கூடியது. ஆனால் ஆசிரியரே அந்த வேலையைச் செய்த பள்ளிகளில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. பயிற்சி ஒன்றுதான், பெட்டியும் ஒன்றுதான். பிறகு ஏன்? ஆசிரியருக்கு ஏற்கெனவே தலைக்குமேல் வேலை. மேலும், கையில் பிரம்பும் மதிப்பெண்ணும் வைத்திருப்பவரிடம் மனதைத் திறக்க எந்தப் பிள்ளைக்கும் தயக்கம் இருக்கும். பிள்ளைகளின் பேச்சைக் கேட்பதற்கென்றே ஒருவர் வேண்டும். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். முடிவில் மறுபடியும் இதற்கு வருவேன்.

கேட்டாயிற்று. அடுத்த படி, பிள்ளைகளே வேலை செய்வது. இதற்கு அரசாங்கமே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. 2014 ஜனவரியில் மத்திய அரசு வளரிளம் பருவத்தினருக்கான தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன்படி ஆயிரம் பேருள்ள கிராமத்துக்கு நான்கு பிள்ளைகள், ஆண் இருவர், பெண் இருவர், தங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிகளாகத் தெரிந்தெடுக்கப்படுகிறார்கள். ஒவ்வொருவரும் 15 அல்லது 20 பேரைக் கூட்டி வாரந்தோறும் பேச வேண்டும். சத்துணவு, இரத்தசோகை, மாதவிடாய், புகையிலை, மனக்கவலை இவையெல்லாம் பேசப்படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊரில் அவர்களுக்கென்று ஒரு சுகாதார நாள். கடதாசியில் நல்ல திட்டம். அது உயிரோடிருப்பதும் இல்லாததும் அந்த நான்கு பிள்ளைகளுக்கும் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கிராமச் செவிலியர், பள்ளித் தலைமையாசிரியர், பஞ்சாயத்துத் தலைவர், அருகிலுள்ள மருத்துவமனை, சபை ஆகிய எல்லோரும் கை கோத்தால் நடக்கும். இல்லாவிட்டால் பெயர்ப்பட்டியல் மட்டும் மிஞ்சும்.

இங்கே ஓர் எச்சரிப்பும் சொல்ல வேண்டியிருக்கிறது. ரோஜர் ஹார்ட் என்ற அறிஞர் 1992ல் யூனிசெஃப் நிறுவனத்துக்காக ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகளுள்ள ஏணியாக வரைந்து காட்டினார். கீழேயுள்ள மூன்று படிகள் பங்கேற்பே அல்ல என்றார். முதற்படி, பெரியவர்களுடைய காரியத்துக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்துவது. இரண்டாவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது. மூன்றாவது, பேருக்கு ஒரு நாற்காலி கொடுப்பது. மேலே போகப் போக, பிள்ளைகளுக்குக் காரியத்தை விளக்குவது, அவர்களிடம் யோசனை கேட்பது, அவர்களோடு சேர்ந்து முடிவெடுப்பது என்று ஏறுகிறது.

நம்மை நாமே சோதித்துப் பார்ப்போம். போதை ஒழிப்பு ஊர்வலத்தில் யாரோ எழுதிக்கொடுத்த வாசகத்தைப் பிள்ளைகள் வெயிலில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். முக்கிய விருந்தினர் வரும்வரை இரண்டு மணி நேரம் காத்திருக்கிறார்கள். மாலை போடுகிறார்கள், வரவேற்பு நடனம் ஆடுகிறார்கள், பிஸ்கட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அந்தத் தெருவில் எந்தக் கடையில் பள்ளிக்கு எதிரிலேயே புகையிலை விற்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அதை ஒருவரும் கேட்கவில்லை. இது ஏணியின் இரண்டாம் படி. வாலிபர் ஐக்கியத்துக்கு நாற்காலி அடுக்குகிற வேலையை மட்டும் கொடுத்து, கமிட்டியில் இடம் கொடுக்காத சபையும் அந்தப் படியில்தான் நிற்கிறது. மலையோரத்தில் ஐயாயிரம் பேர் பசித்திருந்தபோது கையிலிருந்ததைக் கொடுத்தவன் ஒரு சிறு பையன் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் கணக்குப் பார்த்துத் தலையை அசைத்த பெரியவர்களைப்போல நாமே நடந்துகொள்கிறோம்.

மறுபக்கமும் ஓர் ஆபத்து உண்டு. பிள்ளைகளைக் கூட்டாளிகளாக்குகிறோம் என்று சொல்லி, பெரியவர்கள் சுமக்க வேண்டிய பாரத்தை அவர்கள் தோளில் ஏற்றிவிடக் கூடாது. 15 வயதுப் பெண்பிள்ளை தன் சிநேகிதியின் துயரத்தைக் கேட்கலாம்; அவளை ஒரு பெரியவரிடம் அழைத்துவரலாம். அவளே ஆலோசகர் ஆகிவிட முடியாது. 'சாக வேண்டும்போல இருக்கிறது' என்று ஒரு பிள்ளை சொன்னால், அதை இரகசியமாக வைத்திருக்கும்படி எந்தச் சிநேகிதியையும் நாம் பழக்கக் கூடாது. யாரிடம் ஓட வேண்டும் என்று முன்னதாகவே சொல்லிக்கொடுக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. ஆபத்திலுள்ள சிறுவர்களுக்கு 1098. இந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு சபையின் அறிவிப்புப் பலகையிலும் எழுதி வைப்பதற்குச் செலவு ஒரு சாக்கட்டிதான்.

பெட்டி வைத்தால் சீட்டு விழும். சில சீட்டுகள் நமக்குப் பிரியமானவர்களைப் பற்றியும் இருக்கும். பிள்ளையிடம் யாராவது தகாதவிதமாக நடந்துகொண்டதாகத் தெரியவந்தால், அதை மூடி மறைக்க ஒருவருக்கும் உரிமை இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் அறிவித்தே ஆகவேண்டும். சபையின் நற்பெயர், பள்ளியின் நற்பெயர் என்று பார்க்கிறவர்கள் தயவுசெய்து பெட்டியே வைக்க வேண்டாம். திறந்து வாசிக்காத பெட்டி, பெட்டி இல்லாததைவிடக் கேடானது. ஒருமுறை எழுதிப் பதில் கிடைக்காத பிள்ளை இரண்டாவது முறை எழுதாது.

பெரியவர்கள் கேட்டு நடந்தால் சிறிய மாற்றமும் உயிரைக் காக்க உதவும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. ஒரு காலத்தில் பொதுத்தேர்வில் தோற்ற பிள்ளை ஓர் ஆண்டை இழந்து வீட்டில் குன்றிப்போய் உட்கார்ந்திருந்தது. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணி செய்துவரும் 'சிநேகா' போன்றவர்கள் இதை எடுத்துப் பேசினார்கள். இன்று தோற்ற பிள்ளை சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி, அதே ஆண்டில் மேற்படிப்புக்குப் போகலாம். 2017 முதல் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் வெளியிடுவதையும் அரசு நிறுத்திவிட்டது. இவற்றுக்கு மருந்தும் வேண்டியதில்லை, கட்டடமும் வேண்டியதில்லை. ஒருவர் பிள்ளைகளின் நிலையில் நின்று யோசித்ததே காரணம்.

அன்பானவர்களே, இனி உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். மூன்று காரியங்கள்.

முதலாவது, ஓர் ஆளைத் தாங்குங்கள். கல்வெட்டில் பெயர் பொறிக்கும்படியான நன்கொடை அல்ல இது. நாலந்தாவில் பலன் தந்தது, கேட்பதற்கென்றே இருந்த ஒருவருடைய பணி. ஒரு பள்ளிக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆலோசகர், மாதச் சம்பளம், பேருந்துச் செலவு, அவருக்குத் துணைநிற்கும் ஒரு மருத்துவர். இதை ஒரு வருஷத்துக்கு அல்ல, சில ஆண்டுகளுக்குத் தாங்க மனம் வையுங்கள். நடுவில் நிறுத்தினால், நம்பி வாய் திறந்த பிள்ளைகளை நாமே கைவிட்டவர்கள் ஆவோம்.

இரண்டாவது, உங்கள் கதவைத் திறந்து கொடுங்கள். சபை மண்டபம் வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கிறது. மாலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை, ஒரு கேரம் போர்டு, ஒரு கைப்பந்து வலை, படிக்க விளக்கு வெளிச்சம், மேற்பார்வைக்கு நம்பிக்கையான இரண்டு பெரியவர்கள். மதம், ஜாதி பாராமல் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது திறந்திருக்கட்டும். எந்த நேரம், என்ன விளையாட்டு, என்ன ஒழுங்கு என்பதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தீர்மானியுங்கள். பெண்பிள்ளைகள் வருவதற்கு எது தடை என்று அவர்களிடமே கேளுங்கள். வழியில் விளக்கு இல்லை என்பார்கள், கழிப்பறை இல்லை என்பார்கள். பஞ்சாயத்துக்கு எழுதும் மனுவில் அவர்களும் கையெழுத்திடட்டும்.

மூன்றாவது பணம் கேட்காத காரியம். ஆகவே மிகவும் கடினமானது. உங்கள் வீட்டிலிருக்கும் பிள்ளையோடு நேரம் செலவிடுங்கள். மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாத அரை மணி நேரம் போதும். ஐஸ்லாந்தின் பிள்ளைகள் நமக்குச் சொன்னது இதைத்தான். தானம் கொடுக்கும் கை தாராளமாக இருந்து, வீட்டுப் பிள்ளைக்குக் காது இல்லாமற்போனால் என்ன பயன்?

இந்த வேலையின் பலனை அடுத்த கூட்டத்துக்குள் எண்ணிக் காட்ட முடியாது. சாகாமலிருந்த பிள்ளையைக் கணக்கில் எழுத எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. அந்தப் பிள்ளை பரீட்சை எழுதும், வேலைக்குப் போகும், ஒருநாள் தன் குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு நம் மருத்துவமனைக்கே வரும். நமக்கு அடையாளம் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமலே தாங்க மனமுள்ளவர்கள் நீங்கள் என்ற நம்பிக்கையோடுதான் இங்கே வந்து பேசினேன்.

கூட்டம் முடிந்தபின் அலுவலக மேஜையில் ஒரு தாள் வைத்திருக்கிறோம். எந்தப் பள்ளிக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு உங்களால் ஒத்தாசை செய்யக்கூடும் என்பதை அதில் எழுதுங்கள். எழுதுவதற்கு முன் வீட்டுக்குப் போய் உங்கள் மகனிடமும் மகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் யோசனை கேட்டுவிட்டு நாளை வந்து எழுதினாலும் சரியே. அதுவே நல்ல தொடக்கமாக இருக்கும்.